நீலத் தண்ணீர் வாங்கப் போனவள்

மரியேலைப் போன வார அத்தியாயத்தில் வாசற்கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டு வந்தோம். கோட்டு மாட்டி, கம்பளித் துண்டைக் கழுத்தில் சுற்றி, கார் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிய நேரத்தில்தான் மகள் கரீனின் கார் முற்றத்தில் வந்து நின்றது.

சொல்லாமல் கொள்ளாமல் வந்திருந்தாள். கூடவே மாப்பிள்ளை ஸ்டீவ். அதுவும் ஒரு வியாழக்கிழமையில்.

வியாழக்கிழமை மத்தியானம் மரியேல் வீட்டில் இருப்பதில்லை. இது கியூபெக் நகரத்தில் இருக்கிற மகளுக்குத் தெரியாது. யார் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்பதுவரை தெரிந்து வைத்திருக்கிற அவளுடைய ஏரிக்கரை ஊரான தெபியான்காரர்களுக்கும் தெரியாது.

ஏரிக்கரையிலிருந்து அரைமணி நேரம் ஓட்டினால் காட்டுச் சாலை தொடங்குகிற இடம் வரும். அதற்கப்புறம் கியூபெக் வரைக்கும் மரங்களும் மூஸ் மான்களும்தான். அதற்கு முன்னால் இருக்கிற பெட்ரோல் பங்க்குக்கு எல்லாரும் வைத்திருக்கிற பெயர் 'கடைசி பங்க்'. கல்லாவில் நிற்கிறவர் கயெத்தான். மரியேல் அங்கே போவாள், ஒரு காபி குடிப்பாள், ஏதாவது ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பி வருவாள். அவ்வளவுதான் நடந்திருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் நடந்ததில்லை.

போன வியாழக்கிழமை அவர் காபியை நீட்டியபடியே சொன்னார்: "முதலாளி எல்லாத்தையும் மெஷினா மாத்தறாரு. அடுத்த வியாழன் எனக்குக் கடைசி நாள். அப்புறம் கடலோரத்துல தம்பி வீடு இருக்கு, அங்க போயிடலாம்னு இருக்கேன்."

அந்த அடுத்த வியாழன்தான் இன்றைக்கு.

"எங்கம்மா கிளம்பிட்டே?" உள்ளே வந்த கரீன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்.

"எங்கயும் இல்ல. குளிரா இருந்துச்சு, கோட்டு போட்டேன்."

"வீட்டுக்குள்ளயா?"

"ஆமா."

"சாவி?"

மரியேல் தன் கையைப் பார்த்தாள். சாவி அங்கே எப்படி வந்தது என்று தெரியாதவள்போல அதை ஆணியில் மாட்டினாள். கரீன் திரும்பி ஸ்டீவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை மரியேலும் பார்த்தாள்.

சமையலறையில் உட்கார்ந்த பிறகு விஷயம் வெளியே வந்தது. ஒரு மாதமாகவே கரீனுக்கு மனசு சரியில்லை. போனில் பேசும்போது அம்மா கேட்டதையே திரும்பக் கேட்கிறாள். பாதிப் பேச்சில் எங்கேயோ போய்விடுகிறாள். வியாழக்கிழமைகளில் எத்தனை தடவை அடித்தாலும் எடுப்பதில்லை. கேட்டால் தூங்கிப்போனேன் என்கிறாள்.

"நாளைக்குக் காலையில டாக்டரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கேன்மா. மறதிக்குப் பார்க்கிற டாக்டர். இன்னைக்கே எங்ககூட வந்துடு. கீழ்த்தளத்துல உனக்குன்னு அறை ரெடியா இருக்கு. ஜன்னல்கூடப் பெருசா வச்சிருக்கோம்."

"எனக்கு மறதியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"மறதி இருக்கிறவங்க எல்லாருமே அதைத்தாம்மா சொல்லுவாங்க."

மரியேல் எழுந்து சூப்பைச் சூடு பண்ணினாள். பட்டாணி சூப்பின் வாசனை எழும்பியதும் ஸ்டீவின் முகம் மலர்ந்தது. லிஃப்ட் மாட்டுகிற வேலை அவனுக்கு; நல்ல தோள், நல்ல பசி, எந்தக் கவலையையும் ஒரு கிண்ணம் சூப்பில் கரைத்துவிடுகிற சுபாவம்.

"மாமியாரே," என்றான் கிண்ணத்தை வழித்துக்கொண்டே, "எங்க வண்டியில கண்ணாடி கழுவ இன்னும் கோடைக்கு ஊத்தின தண்ணிதான் இருக்கு. வரும்போது வெயில் இருந்துச்சு, தப்பிச்சோம். இனிமே கண்ணாடியில அடிச்சா அப்படியே ஐஸாகிடும். உங்ககிட்ட நீலத் தண்ணி ஒரு கேன் இருக்குமா?"

"இருக்கு. கராஜுல..." என்று சொன்ன பிறகுதான் மரியேலுக்கு உறைத்தது. "இரு ஸ்டீவ், நானே எடுத்துட்டு வரேன்."

அவன் ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தான். அவள் பூட்ஸை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடுவதற்குள் கராஜின் கதவு மேலே போய்விட்டது.

சுவர் ஓரமாக, இறந்துபோன கணவர் ரொசேர் விட்டுப்போன பனி ஸ்கூட்டருக்குப் பின்னால், அதற்கு மேலே, பக்கத்துப் பெஞ்சின் அடியில், எங்கு பார்த்தாலும் நீலக் கேன்கள். குளிரில் உறையாத, கார்க் கண்ணாடி கழுவுகிற தண்ணீர். ஒன்றின் மூடியும் திறக்கப்படவில்லை. பின்வரிசைக் கேன்களில் தூசி கனமாகப் படிந்திருந்தது. முன்வரிசை பளபளவென்று இருந்தது.

ஸ்டீவ் விசிலடித்தான். "பங்க் திறக்கப் போறீங்களா மாமியாரே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பங்குக்கு வந்திருப்பேனே."

கரீன் சிரிக்கவில்லை. வரிசைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள். "அம்மா. இதெல்லாம் எப்ப வாங்கினே?"

"அப்பப்ப. தள்ளுபடி போட்டிருந்தான்."

"உன் வண்டிக்கு ஒரு குளிர்காலத்துக்கு நாலு கேன் போதும். வாங்கி வச்சதை மறந்துட்டு மறுபடியும் வாங்கியிருக்கே. மறுபடியும், மறுபடியும்." அவள் குரல் தடுமாறியது. "கராஜுக்கு வந்து பார்க்கணும்னுகூட உனக்குத் தோணலையாம்மா?"

மரியேலுக்கு நிலைமை புரிந்தது. இல்லை, மறந்து வாங்கவில்லை என்றால் ஏன் வாங்கினாள் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மறதிக்காரி. அறுபத்தொரு வயதில், மகளுக்கும் மருமகனுக்கும் முன்னால், பனி ஸ்கூட்டர் மேல் கையை வைத்துக்கொண்டு, எதைச் சொல்வது?

அவள் ஒரு கேனின் மேலிருந்த தூசியை விரலால் துடைத்தாள். கரீன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சுவரில் அப்பாவின் ஸ்பானர்கள் தொங்குகிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன் பையை நான் கட்டறேன்," என்றாள் கடைசியில். "நீ பாத்ரூம் போயிட்டு வந்துடு. வழியில எங்கயும் நிக்கப் போறதில்ல. இருட்டறதுக்குள்ள காட்டைத் தாண்டியாகணும்."

அந்த வழி கடைசி பங்க்கைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. மரியேல் வரமாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்காமல் இருந்ததற்கு அது ஒன்றுதான் காரணம். ஆனால் நிற்காமல் போகிற காரிலிருந்து அவர் நிழலையாவது பார்க்க முடியுமா? பங்க்கில் நிறுத்து என்றால் கரீன் எதற்கு என்று கேட்பாள். நீலத் தண்ணீர் வாங்க என்றா சொல்வது?

ஸ்டீவ் பானெட்டைத் திறந்து வைத்திருந்தான். வேலை தெரிந்தவன்தான். காருக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங் பக்கத்துக் குச்சியை இழுத்துப் பிடித்துப் பழைய தண்ணீரைப் பீய்ச்சி வெளியேற்றிக்கொண்டிருந்தான். அது கண்ணாடியில் வழிந்து, கீழே இறங்குவதற்குள் சர்க்கரைப் பாகுபோல இறுகியது.

"டப்பா நிறைய இருக்கு," என்று உள்ளிருந்தே சொன்னான். "மிச்சமிருந்த கோடைத் தண்ணியை வரும்போதுதான் முட்ட முட்ட ரொப்பினேன், என் புத்தி. எல்லாம் காலியாகணும் மாமியாரே. அப்புறம் நீலத்தை ஊத்தி, அது குழாய் வழியா வந்து கண்ணாடியில நீலமா அடிக்கிற வரைக்கும் விடணும். குழாயில ஒரு மடக்கு பழைய தண்ணி நின்னாலும் போச்சு, அதுதான் முதல்ல உறையும்."

மரியேல் ஒரு கேனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆலங்கட்டி மழை பெய்த அன்று வாங்கியது. அதைத் திறக்கக் கை வரவில்லை. பக்கத்துக் கேனை எடுத்திருக்கலாமோ என்று நினைத்தாள்.

கரீன் பையோடு வந்தாள். கண் சிவந்திருந்தது. "இன்னும் முடியலையா?"

"பழசு பாதிகூடப் போகலை."

"போதும் ஸ்டீவ். மேலயே ஊத்தி மூடு. கிளம்பலாம். இந்தக் கராஜுல என்னால இதுக்கு மேல நிக்க முடியாது."

அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான், வாதாடவில்லை. பீய்ச்சினதுபோக மிச்சமிருந்த பழைய தண்ணீரின் மேலேயே நீலத்தை ஊற்றினான். பானெட் மூடிக்கொண்டது.

மரியேலுக்குத் தெரியும். காலமெல்லாம் மரலாரி ஓட்டியவனின் மனைவி அவள். மேட்டில் ஏறி எதிர்க்காற்று அடித்தால் அந்தக் குழாய் உறைந்துவிடும். அதுவும் எங்கே? கடைசி பங்க்குக்குக் கொஞ்சம் முன்னால், அல்லது கொஞ்சம் பின்னால். சொல்ல வாயெடுத்தாள்.

பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏரியை விட்டு விலகும் வரை சாலை நன்றாகத்தான் இருந்தது. மேடு தொடங்கியதும் வெயில் போனது. சாலையில் போட்டிருந்த உப்பு பனியைக் கரைத்துச் சாம்பல் நிறக் கூழாக்கி வைத்திருந்தது. முன்னால் போன கார்கள் அதைத் தூவிக்கொண்டே போயின. கரீன் ஒன்றிரண்டு தடவை தண்ணீர் அடித்தாள், வந்தது. மூன்றாம் தடவை இரண்டு சொட்டு துப்பியது.

"கொஞ்சம் பொறுத்து அடி," என்றான் ஸ்டீவ்.

எதிரே ஒரு மரலாரி வந்தது. கடந்து போகும்போது ஒரு வாளிக் கூழை எடுத்து முகத்தில் வீசியதுபோலக் கண்ணாடி முழுவதும் அறைந்துவிட்டுப் போனது. கரீன் வைப்பரைப் போட்டாள். வைப்பர் அதை அழகாக இழுத்துப் பூசியது. குச்சியை இழுத்தாள். மோட்டார் முனகுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் வரவில்லை. மறுபடி இழுத்தாள். முனகல்தான்.

கண்ணாடி வெள்ளையாகிவிட்டது. சாலை இல்லை, கோடு இல்லை, மரம் இல்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியலை," என்றாள் கரீன்.

"மெல்ல. பிரேக்கை அழுத்தாதே, வழுக்கும். பின்னால லாரி."

அந்த லாரியின் ஹாரன் காருக்குள் இருந்து அடிப்பதுபோலக் கேட்டது. ஸ்டீவ் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி, தலையையும் ஒரு தோளையும் வெளியே நீட்டினான். "இடது. இன்னும் கொஞ்சம். நேரா. நேரா பிடி." கியூபெக்காரர்கள் திட்டுகிற வழக்கப்படி தேவாலயப் பாத்திரங்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லித் திட்டிக்கொண்டே வழி சொன்னான். அவன் தாடியில் உப்புக்கூழ் ஒட்டி உறைந்தது. லாரி அவர்களை ஒட்டி உரசுகிறாற்போலக் கடந்து போனது. கார் ஒரு பக்கமாக ஆடி நிமிர்ந்தது.

மரியேல் மகளின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் சிறுசிறு முடிகள் ஈரத்தில் ஒட்டியிருந்தன. குழந்தையாக இருக்கையில் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் ஒட்டும். நான் என்ன செய்துவிட்டேன் என்று அவள் நினைத்தாள். வேறு எந்த நினைப்பும் அவளுக்குள் நுழையவில்லை.

ஆள் நடக்கிற வேகத்தில் நகர்ந்து, பங்க்கின் விளக்குகள் மங்கலாகத் தெரிந்த பக்கம் கரீன் வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். நிறுத்திய பிறகும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

உள்ளிருந்து ஒரு மனிதர் கோட்டுகூடப் போடாமல் வந்தார். உயரம், நரைத்த மீசை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி. காரின் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது.

"பின்னால ஷெட்டு இருக்கு, சூடு போட்டு வச்சிருக்கேன். அங்க விடுங்க. இளகினதும் குழாயைக் கழட்டி ஊதிடலாம்," என்றார் ஸ்டீவிடம். அப்புறம் பின்கதவு திறந்து இறங்கியவளைப் பார்த்தார்.

"மதாம் மரியேல்," என்றார். "நேரமாயிடுச்சே. இன்னைக்கு வரமாட்டீங்கன்னு நினைச்சுட்டேன்."

கரீன் கதவைச் சாத்தப் போனவள் அப்படியே நின்றாள்.

கடைக்குள் அலமாரிகள் பாதி காலியாக இருந்தன. கயெத்தான் கல்லாவுக்குப் பின்னால் போய் இரண்டு காபி ஊற்றினார். கரீனிடம் பாலா சர்க்கரையா என்று கேட்டார். மரியேலிடம் கேட்கவில்லை. இரண்டு பால் ஊற்றி, சர்க்கரை போடாமல், அவள் எப்போதும் நிற்கிற ஜன்னல் பலகையில் கொண்டுபோய் வைத்தார். பிறகு ஸ்டீவுக்கு உதவப் பின்பக்கம் போனார்.

தாயும் மகளும் ஜன்னலருகே நின்றார்கள்.

"'இன்னைக்கு'ன்னாரே," என்றாள் கரீன்.

"வியாழக்கிழமையானா வருவேன்."

"எதுக்கு?"

"நீலத் தண்ணி வாங்க."

கரீன் காபியை வாயருகே கொண்டுபோய், குடிக்காமல் கீழே வைத்தாள்.

"சும்மா வந்து நிக்க முடியாதில்ல," என்றாள் மரியேல், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு. "ஏதாவது வாங்கணும். பெட்ரோல் எவ்வளவுதான் போட முடியும்? மிட்டாய் வாங்கினா உடம்புக்கு ஆகாது. இது வாசல்லயே அடுக்கியிருந்துச்சு. நான் எதையும் மறக்கலை கரீன். எந்தக் கேனை வாங்கும்போது என்ன பேசினோம்னு ஒண்ணு விடாம சொல்லுவேன். கேக்கறியா? ஆலங்கட்டி பெய்த அன்னைக்குக் கூரைச் சத்தத்துல ஒரு வார்த்தை காதுல விழல, சும்மா சிரிச்சுக்கிட்டு நின்னோம். ஒரு நாள் மூஸ் ஒண்ணு பம்ப்கிட்ட வந்து நின்னுச்சு; கதவைத் திறந்து அதுகிட்ட 'ரொப்பிடவா'ன்னு கேட்டாரு. அவரோட பூனை செத்த அன்னைக்கு ஒண்ணும் பேசலை, நானும் பேசலை. அந்தக் கேன் ஸ்கூட்டர் சீட்டு மேல இருக்கு."

கரீனின் உதட்டில் ஒரு சிரிப்பு வரப் பார்த்தது. பாதியில் நின்றது.

"அப்பா இருக்கும்போதே வந்தியா?"

இந்தக் கேள்வி வரும் என்று மரியேலுக்குத் தெரியும். தன்னைத் தானே இரவும் பகலும் கேட்டுக்கொண்ட கேள்விதான்.

"ஒரு தடவை. அப்பாவைக் கியூபெக்ல ஆஸ்பத்திரியில சேர்த்த குளிர்காலம். உன்னை அவர் பக்கத்துல விட்டுட்டு நான் தனியா திரும்பி வந்தேன், ஞாபகம் இருக்கா? காட்டுக்குள்ள தண்ணி தீர்ந்துபோச்சு. இன்னைக்கு மாதிரிதான், ஒண்ணும் தெரியலை. இங்க வந்து கல்லாவுல நின்னு அழுதேன். கேன் கேட்க வந்தவ, வாயைத் திறந்தா அழுகைதான் வந்துச்சு. அவர் என்ன ஏதுன்னு ஒண்ணும் கேக்கலை. வெளிய போய்த் தண்ணி ஊத்தி, கண்ணாடியைத் துடைச்சு, விளக்கையெல்லாம் துடைச்சுட்டு வந்து, 'பாதை சரியில்ல, மெல்லப் போங்க'ன்னாரு. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஆனா வீடு வரைக்கும் அந்தக் குரல் கூட வந்துச்சு. உங்கப்பா நல்ல மனுஷன் கரீன். பேசத் தெரியாத நல்ல மனுஷன். அவர் போய் ஒரு வருஷம் கழிச்சுத்தான் நான் மறுபடியும் இங்க வந்தேன்."

கரீன் பின்கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இவருக்கு அப்பாவைத் தெரியுமா?"

"லாரிக்கு டீசல் போட வருவாரே. தெரியும்."

பின்பக்கம் காற்றழுத்த மெஷின் சீறுகிற சத்தம் கேட்டது.

"இன்னொண்ணும் சொல்லணும்," என்றாள் மரியேல். அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. "குழாய் உறையும்னு எனக்குத் தெரியும். ஸ்டீவ் ஊத்தும்போதே தெரியும். சொல்லலை. இன்னைக்கு இவருக்குக் கடைசி நாள். வண்டி இங்க நிக்க வேண்டி வரும்னு நினைச்சேன்."

கரீன் திரும்பி அம்மாவை முழுசாகப் பார்த்தாள்.

"பின்னால லாரி வந்துச்சும்மா. ஸ்டீவ் தலையை வெளிய நீட்டிக்கிட்டு வந்தான்."

"தெரியும்."

"தெரியும்னு சொல்றே. மறதி இருக்குன்னு நினைச்சு ஒரு மாசமா தூக்கம் இல்லாம கிடந்தேன். மறதியாவே இருந்திருக்கலாம்."

அவள் காபியை அப்படியே விட்டுவிட்டுப் பின்கதவு வழியாக ஷெட்டுக்குப் போனாள். மரியேல் அந்தக் கோப்பையைத் தன் கோப்பைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

சற்று நேரத்தில் கயெத்தான் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"வண்டி சரியாயிடுச்சு. பழசை எல்லாம் வெளிய எடுத்துட்டு, புதுசு ரொப்பியாச்சு. உங்க மாப்பிள்ளை நல்ல மாதிரி." கல்லாவுக்கு அந்தப் பக்கம் போகாமல் ஜன்னலோரமே நின்றுகொண்டார். "இவ்வளவு தண்ணியையும் என்ன பண்றீங்க? கேக்கக் கூடாதுதான். கடைசி நாளாச்சே."

"வச்சிருக்கேன்."

"எல்லாத்தையுமா?"

"இன்னைக்குத்தான் ஒண்ணு திறந்தோம்."

அவர் மூக்குக் கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"காபி மெஷின் அங்க வாசல் பக்கம் இருக்கு, பார்த்தீங்களா?" என்றார். "லாரிக்காரங்க, வேட்டைக்காரங்க, எல்லாரும் அவங்களே ஊத்திக்கிட்டுக் காசை வச்சுட்டுப் போவாங்க. நான் யாருக்கும் ஊத்தித் தர்றது இல்ல."

மரியேல் அந்த மெஷினைப் பார்த்தாள். எத்தனை வியாழக்கிழமை அதைக் கடந்து வந்திருக்கிறாள். இந்தக் கடையில் வழக்கமே அப்படி என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள்.

"சனிக்கிழமை கிளம்பறேன்," என்றார் அவர். "படகு ஏறி, ஆத்தைத் தாண்டி, கடலோரமாப் போகணும். தெபியான் எனக்கு வழி இல்ல, எதிர்த் திசை. இருந்தாலும் காலையில அந்தப் பக்கம் வந்துட்டுப் போகலாம்னு பார்க்கறேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "சனிக்கிழமை காலையில நீ வீட்டுல இருப்பியா?"

நீ என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. சொன்ன பிறகு காது நுனி சிவந்துபோய் நின்றார்.

"இருப்பேன்," என்றாள் மரியேல். "வா."

"வந்தா, ஒரு விஷயம் கேக்கணும். இங்க வச்சு வேண்டாம்."

கார் முன்பக்கம் வந்து நின்று ஹாரன் அடித்தது. கரீன் ஸ்டியரிங்கில் இருந்தாள். இறங்கவில்லை. வீட்டுக்கே திரும்பிப் போய்விடலாம் என்று மரியேலுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் ஸ்டியரிங்கை விடாத மகளின் கையைப் பார்த்த பிறகு, இன்றைக்கு இன்னொரு தடவை அவளைத் தவிக்க விட மனசு வரவில்லை.

பின் சீட்டில் ஏறினாள்.

"நாளைக்கு உன் டாக்டரைப் பார்க்கறேன்," என்றாள். "எத்தனை கேள்வி வேணா கேக்கட்டும். ஆனா சனிக்கிழமை காலையில நான் என் வீட்டுல இருக்கணும்."

"எதுக்கு?"

"அவர் வரேன்னு சொல்லியிருக்காரு."

ஸ்டீவ் இருமினான். தாடியில் இன்னும் ஈரம் காயவில்லை. "மாமியாரே, அந்த ஆள் மெஷினும் போதலைன்னு குழாயை வாய் வச்சு ஊதினாரு, பாவம். அந்த நீலம் ரொம்பக் கசக்கும்."

யாரும் சிரிக்கவில்லை. வண்டி சாலையில் ஏறியது. எதிரே வந்த காரின் கூழ் கண்ணாடியில் விழுந்தது, கரீன் குச்சியை இழுத்தாள், நீலமாக அடித்தது.

"சரி," என்றாள் கரீன். "டாக்டர் காலையிலயே பார்த்துடுவாரு. மத்தியானம் நானே கொண்டுவந்து விடறேன்."

மரியேல் கண்ணை மூடிக்கொண்டாள். என்ன கேட்கப் போகிறார்? கடலோரம் குளிர் அதிகம் என்று சொல்வார்களே. தம்பி வீடு பெரிதா, சின்னதா? ஜன்னலிலிருந்து தண்ணீர் தெரியுமா? தனக்கென்று ஒரு ஆசை வைத்துக்கொண்டு எத்தனை காலமாகிவிட்டது.

கண்ணைத் திறந்தபோது காட்டுச் சாலையின் முகப்பு வந்துவிட்டிருந்தது. அங்கே நெடுஞ்சாலைத் துறையின் விளக்குப் பலகை மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. ஸ்டீவ் அதைப் படித்தான், படிக்கும்போதே குரல் தேய்ந்தது.

"'நாளை காலை முதல் கடும் பனிப்புயல். சாலை மூடப்படும்.'"

போன வருஷம் இப்படி மூடியபோது திறக்க மூன்று நாள் ஆனது. கயெத்தானின் தொலைபேசி எண்கூட அவளிடம் இல்லை. கேட்கத் தோன்றியதே இல்லை, வியாழக்கிழமை இருந்ததே. நாளையிலிருந்து அந்தக் கல்லாவில் ஒரு மெஷின்தான் நிற்கும்.

"கரீன், ஓரமா நிறுத்து. நான் இறங்கிக்கறேன்."

பின்பக்கம் பார்க்கிற சின்னக் கண்ணாடியில் மகளின் கண்கள் தெரிந்தன. அவளும் பலகையைப் படித்திருந்தாள்.

"உட்காரும்மா," என்றாள் கரீன். வேகம் குறையவில்லை.

மரியேல் சீட் பெல்ட்டைக் கழற்றினாள். காருக்குள் எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது.